பாப்பாமோட்டையில் இறங்காத நாள்

அம்மா வெள்ளாங்குளத்தில் படிப்பித்தார். எங்கள் வீடு பாப்பாமோட்டையில். அவருடைய பள்ளிக்கூடத்திலேயே நான் நாலாம் வகுப்பு படித்ததால் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வருவோம். திரும்பும்போது ஆசனத்தில் இருந்த கையோடு அம்மா நித்திரையாகிவிடுவார். இடம் வந்ததும் எழுப்பிவிடுவது என் உத்தியோகம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பள்ளித் தவணையில் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. ஒரே மண்டபத்தில் இந்தப் பக்கம் ஒரு வகுப்புக்குக் கணக்கும் அந்தப் பக்கம் இன்னொரு வகுப்புக்குத் தமிழும் அம்மாவே சொல்லிக்கொடுத்தார். மதியச் சாப்பாடு பரிமாறுவது, விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது, பாடக்குறிப்பு எழுதுவது எல்லாம் அதற்கு மேல். வெள்ளிக்கிழமைகளில் தொண்டை கட்டிப்போய் வீட்டில் சைகையால்தான் பேசுவார். நானும் தம்பியும் அதை விளையாட்டு என்று நினைத்து, சைகையாலேயே பதில் சொல்லுவோம்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவின் தலை என் தோளில் கிடந்தது. புருவத்தில் சோக்குத் தூள். மடியில் திருத்தாத விடைத்தாள் கட்டு. பாப்பாமோட்டை நெருங்கியபோது எழுப்பக் கையை நீட்டினேன். மனம் வரவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

"பிள்ளை, ரீச்சரை எழுப்பன். இடம் வந்திட்டுது" என்றார் கொண்டக்டர்.

"நாங்கள் இண்டைக்கு மன்னாருக்குப் போறம்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

பஸ் மன்னார் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியது. இரு பக்கமும் கடல். தோள் மரத்துப்போனது. அசையாமல் இருந்தேன். இவ்வளவு பெரிய உபகாரத்தை நான் யாருக்கும் அதுவரை செய்ததில்லை.

மன்னார் பஸ் நிலையத்தின் இரைச்சலில்தான் அம்மா கண் விழித்தார்.

"எங்க நிக்கிறம்?"

"மன்னாரில. நீங்கள் நல்லா நித்திரை கொண்டனீங்கள், அதுதான் எழுப்பேல்லை."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை நின்றுகொண்டே இருந்தோம்.

பாப்பாமோட்டைச் சந்தியில் அப்பா மோட்டார் சைக்கிளோடு நின்றார். பக்கத்தில் தம்பியைத் தூக்கியபடி சின்னம்மா, அழுத கண்களோடு.

"எங்க போனனீங்கள்? பஸ் எங்கேயோ அடிபட்டிட்டுதெண்டு பயந்துபோனன்!" என்றபடி அப்பா ஓடிவந்தார்.

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் அயர்ந்துபோனன். பிள்ளையும் நித்திரை" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குள் போனதும் அடுப்பை மூட்டி உலை வைத்துவிட்டு, விடைத்தாள் கட்டை அவிழ்த்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். நாலு தாள் திருத்தியிருப்பார். பேனையை வைத்துவிட்டுக் கண்களை அழுத்தித் தேய்த்தார்.

"இவ்வளவு நேரம் நித்திரை கொண்டும் களைப்புப் போகேல்லையே" என்று அப்பாவிடம் சொன்னார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு பாடுபட்டும் நித்திரை போதவில்லையே! மன்னார் கிட்டத்தில் இருப்பதுதான் பிழை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கொழும்பு வரைக்கும் போகிற பஸ்ஸில் அம்மாவை ஒருநாள் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.