செவ்வந்தி ஒட்டிய முதுகு

அடுத்தவரிடம் ரத்தம் கேட்டு வாங்கும் வேலையில் ஊசி குத்துவதைவிட நன்றி சொல்வதுதான் கூச்சம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். தோல் ஒவ்வாமை ஆராய்ச்சி ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன்.

காவல்

பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் சாந்தி அக்காவின் விரல்கள் வெடித்து நீர் வடிந்தன. பூ கட்டுவதை விட்டுவிட வேண்டுமா என்பது மட்டுமே அவர் கேள்வி. நான் ஒப்புதல் படிவத்தை விளக்கினேன். ரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்கள் என்று உண்டு. கிருமி புகுந்த செல்களைக் கொல்வது அவற்றின் வேலை. ஒவ்வாத பொருள் பட்ட தோலிலும் அவை வந்து கூடுகின்றன. அழற்சியை அவையும் வளர்க்கின்றனவோ என்று சந்தேகம். ஒருமுறை பட்ட பொருளை அவை நினைவில் வைத்திருப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் உறுதியாகத் தெரியாது.

அக்கா கையை நீட்டினார்: "காவலுக்கு வச்ச ஆளே வீட்ட ஒடைக்குதா? நல்லா வேல பாக்குது லா!"

இரண்டு நாள்

எது ஒவ்வவில்லை என்று பார்க்க, செவ்வந்திச் சாறு, ரப்பர், நிக்கல் என்று வரிசையாக அவர் முதுகில் சோதனை ஒட்டுகளை ஒட்டினோம். "ரெண்டு நாளைக்கு முதுகு நனையவே கூடாதுக்கா." பயத்தில் மூன்று முறை சொன்னேன்.

ஒட்டை எடுக்க வந்தபோது முதுகு காய்ந்திருந்தது, ஒன்றுகூட நகரவில்லை. பாராட்டினேன். அப்புறம்தான் சொன்னார். முந்தின நாள் கிள்ளானில் அவர் தங்கை இறந்துவிட்டார். சாவு வீட்டுக்குப் போய்வந்து தலைக்கு ஊற்றாததால் மாமியார் உள்ளே விடவில்லை. ராத்திரி முழுக்க ஃபிளாட் நடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா, தள்ளிப் போட்டிருப்போமே!"

"நீதானம்மா மூணு தடவ சொன்ன? என்னால ஒன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுல்ல."

மாலை

செவ்வந்தி ஒட்டிய இடம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. இனி அந்தப் பூவைத் தொடவே வேண்டாம் என்றார் டாக்டர். செவ்வந்தி இல்லாமல் என்ன மாலை? டாக்டர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். எங்கள் ஆராய்ச்சியில் மருந்து வருமா என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை, எப்போது என்றும் தெரியாது என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தங்கச்சிக்கு நான்தாம்மா மால கட்டுனேன், செவ்வந்தியில. அதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கட்டியிருப்பேன்."

இப்போதெல்லாம் முதுகு நனையக் கூடாது என்று ஒரு முறைதான் சொல்கிறேன். வீட்டில் ஏதாவது என்றால் முதலில் குளித்துவிடுங்கள் என்று மூன்று முறை.