படலத்தின் மேல் புகை

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, பதுளையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் சாம்பிராணிப் புகையைத்தான் முதலில் கண்டேன். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசி, இரவெல்லாம் மெதுவாக உலரவிட்டிருந்தேன். அப்படி உலர்ந்தால் மூலக்கூறுகள் வரிசையாகப் படிந்து மின்னோட்டம் கூடும் என்பது என் கணிப்பு. என்னிடம் இருந்த பிளாஸ்டிக் கரைசல் அதோடு தீர்ந்திருந்தது.

மடுல்சீமையிலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் அக்கா தூபக்காலுடன் நின்றார். "மெஷினுக்கும் கண்ணு படும்ல தம்பி."

புகை படியுமே என்று ஜன்னலைத் திறந்தேன். மூடுபனி உள்ளே வந்தது. ஈரம் புகையைவிடக் கெடுதி. மூடினேன். மறுபடியும் திறந்தேன்.

"உக்காருங்க தம்பி. ஜன்னலு களைச்சிப் போயிரும்."

படலத்தை அளந்தேன். வேகமாக உலர்த்திய பழைய படலத்தைவிட இதில் குறைவான மின்னோட்டமே ஓடியது. புகையா, பனியா, என் கணிப்பே தவறா என்று பார்க்க, இன்னொரு படலம் பூசக் கரைசல் இல்லை.