அம்மா ஏறாத வண்டி

“உனக்கு அப்போது பத்து வயது. எங்கோ படத்தில் பார்த்ததை உன் வீட்டு வாசலில் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்” என்றான் அவன்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். மேற்கே, பனியோடு பிறந்து வளர்கிற ஒரு மாகாணத்திலிருந்து வந்தவன். முதல் பனி விழும் நாளில் யாராவது ஒருவர் அந்தப் பகிடியை எடுக்காமல் விடமாட்டார்கள். பனி அள்ளுவதற்கு இராணுவத்தைக் கூப்பிட்ட நகரம் ரொறொன்ரோ என்பதுதான் பகிடி. நாடு முழுவதும் இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறது. அன்றும் சிரித்தார்கள். அந்த இராணுவத்தின் கவச வண்டி ஒன்று எங்கள் கட்டட வாசலிலேயே வந்து நின்றது என்று நான் சொன்னபோதுதான் அவன் அப்படிச் சொன்னான்.

அவன் நம்பாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் தெருவை அன்று நகரம் கணக்கில் எடுக்கவில்லை. இன்று சிரிக்கிறவர்களும் எடுப்பதில்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஜனவரியில் பனி விட்டுவிட்டுக் கொட்டியது. ஒன்றை அள்ளி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. நாங்கள் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் வோபர்னில், பெரிய வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒரு சின்னத் தெருவின் கடைசியில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மாடியில் இருந்தோம். பெரிய வீதிகளில் முதலில் பனியை வெட்டுவோம், பிறகு சின்னத் தெருக்களுக்கு வருவோம் என்று நகரசபை சொன்னது. பெரிய வீதியை வெட்டினார்கள் என்பது உண்மை. வெட்டிய பனியை எங்கள் தெருவின் வாயில் மதில்போல ஒதுக்கிவிட்டுப் போனார்கள். உள்ளே வரவில்லை. பனி வெட்டும் வண்டி பெரிய வீதியில் ஓடும் ஒவ்வொரு முறையும் அந்த மதில் உயர்ந்தது. தெருவில் நின்ற கார்கள், எது எவருடையது என்று தெரியாத வெள்ளை மேடுகளாகக் கிடந்தன.

நகரசபைக்குப் போன் எடுக்கும் வேலை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் மட்டக்களப்புப் பக்கத்தில் சிறுவயதிலேயே வயலுக்குப் போனவர்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இங்கே வந்து நான் இங்கிலீஷ் பேசத் தொடங்கியதும் வீட்டுப் போன் என் கைக்கு வந்துவிட்டது. கீழ் மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரிக்கு இங்கிலீஷ் தெரியும். ஊரில் கொன்வென்ரில் படித்ததை அடிக்கடி சொல்லுவார். எங்கள் மட்டக்களப்புப் பேச்சு பாட்டுப் பாடுவது போல இருக்கிறது என்றும் அடிக்கடி சொல்லுவார். ஆனால் போனில் ஒரு வெள்ளைக்காரக் குரல் வந்தால் அன்ரியின் இங்கிலீஷ் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே கட்டடத்தின் சார்பில் நான்தான் எடுத்தேன். தெருவின் பெயரைச் சொன்னேன், எழுத்தெழுத்தாகவும் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார்கள்.

அவசிய வேலை இல்லாதவர்கள் வீட்டில் இருங்கள் என்று ரிவியில் சொன்னார்கள். அப்பா வேலை செய்த கோழி இறைச்சித் தொழிற்சாலை அதைக் கேட்கவில்லை போலும். வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்று அங்கிருந்து செய்தி வந்தது. அம்மா அப்போது நிறைமாதமாக இருந்தார். அப்பா மறுநாள் விடியவே பனிக்குள் இறங்கி நடந்து போனார். பிறகு பஸ்ஸும் ஓடாமல் நின்றுவிட்டது, அவர் திரும்பி வர வழியில்லை.

அதற்கு முந்திய நாள்தான் நகரபிதா இராணுவத்தைக் கூப்பிட்டிருந்தார். பச்சை உடுப்புப் போட்ட இளைஞர்கள் நகரத்தின் நடுவில் உற்சாகமாகப் பனி அள்ளுவதை ரிவியில் காட்டினார்கள். கடைக்காரர்கள் அவர்களுக்குக் கோப்பி கொடுத்தார்கள். ஒரு கிழவர் கை தட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் தெருவுக்கும் வரவேண்டும், எனக்கும் அவர்களுக்குக் கோப்பி கொடுக்கக் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா வந்து ரிவியை நிறுத்தினார். அன்று பின்னேரம் கட்டடத்தில் இருந்த தமிழ் வீடுகளிலெல்லாம் யன்னல் சீலைகள் மூடிக்கிடந்தன. கல்லூரிக்குப் போகும் தன் மகனை அன்ரி நிலக்கீழ் மாடிக்கு அனுப்பி, உடுப்புத் தோய்க்கும் அறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். அவன் அங்கே பாடப்புத்தகமும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியுமாக இருந்ததை நானே பார்த்தேன். அவனுக்குப் பரீட்சை என்று அன்ரி சொன்னார். நான் நம்பினேன்.

அப்பா வேலைக்குப் போன அன்று மத்தியானம் அம்மாவுக்கு வலி தொடங்கியது. நான் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இங்கிலீஷில் பெரியவள் நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு நன்றாகவே பேசினாள். ஆனால் அம்புலன்ஸ் வந்தும் பயனில்லை. தெருவின் வாயில், அந்த மதிலுக்கு அப்பால், அதன் சிவப்பு விளக்கு சுழல்வது மட்டும் யன்னலில் தெரிந்தது. அன்ரி மேலே வந்து அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இராணுவத்தின் வண்டி ஒன்று வருகிறது, அது எந்தப் பனியிலும் ஓடும், பயப்படவேண்டாம் என்றாள் அந்தப் பெண். நான் துள்ளிக்கொண்டு போய் அம்மாவிடம் சொன்னேன்.

அது வந்தது. எட்டுப் பெரிய சக்கரங்கள், யன்னல் இல்லாத பச்சை இரும்பு உடம்பு. எங்கள் நகரம் பல நாட்களாக உடைக்க முடியாது என்று விட்டிருந்த பனி மதிலை அது ஏறி மிதித்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்று பின்கதவைத் திறந்தது. அம்மா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, யன்னலுக்குக் கீழே ஓடும் ஹீற்றர் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் அதில ஏறமாட்டன் எண்டு சொல்லு, மகள்” என்றார்.

அம்புலன்ஸ்காரர் இருவரும், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் இராணுவ அதிகாரியும் மேலே வந்து நின்றார்கள். அதிகாரியின் காதுகள் குளிரில் சிவந்திருந்தன. அன்ரி கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே பேசினார்.

“பிள்ளை, கொம்மாவுக்கு வடிவா விளங்கப்படுத்து. உது எங்கட நாட்டு ஆமி இல்லை, கனடா ஆமி. சுடுறதுக்கு ஒரு துவக்குக்கூட இல்லை.”

“அப்ப நீங்க ஏறுங்க அக்கா” என்றார் அம்மா. “உங்கட மகனையும் ஏத்துங்க.”

அன்ரி தன் நீளக் கோட்டை எடுத்துவரக் கீழே போனார்.

அம்மா என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். வண்டி மிகவும் உயரம், ஏற முடியாது என்று சொல்கிறார் என்றேன். ரிவியில் கோப்பி குடித்த அந்த நல்ல மனிதர்களிடம், உங்கள் வண்டியில் ஏறமாட்டாராம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிகாரி தலையை ஆட்டினார். அது ஒரு பிரச்சினையே இல்லை என்றார். யன்னலால் கீழே சத்தம் போட்டு ஏதோ சொன்னார். உடனே இளம் சிப்பாய்கள் சிலர் மண்வெட்டிகளோடு வண்டியின் பின்னால் கூடினார்கள். பனியைத் தோண்டி, அடித்து இறுக்கி, அம்மாவுக்காகப் படி வெட்டத் தொடங்கினார்கள். அவ்வளவு அக்கறையாகச் செய்தார்கள்.

சத்தம் கேட்டு அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“தோண்டுறானுகள்” என்றார். “என்னத்துக்குத் தோண்டுறானுகள் எண்டு கேளு.”

“படிம்மா. நீங்க ஏறத்தான் படி வெட்டுறாங்க.”

அம்மா என்னை யாரோ அந்நியப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். வலி வந்து போனது. அம்புலன்ஸ்காரர்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிள்ளை வயிற்றுக்குள் திரும்பியிருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, சீக்கிரம் போகவேண்டும் என்று என்னிடம் சொன்னார். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், வேறு யாரிடம் சொல்வது? நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் குழாயை விட்டார்.

“நடந்து வாறன். எல்லாரையும் எனக்கு முன்னுக்குப் போகச் சொல்லு. ஒருத்தனும் பின்னுக்கு வரப்படாது. அந்த வண்டி இஞ்சயே நிக்கட்டும்.”

அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். அம்புலன்ஸ்காரர்கள் முடியாது என்றார்கள். அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அவர் எதைக் கண்டாரோ தெரியாது. சரி என்றார்.

சிப்பாய்கள் முன்னால் பாதை வெட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பின்னால் அதிகாரி. அம்புலன்ஸ்காரர்கள் இருவரும் பின்பக்கமாகவே நடந்து, அம்மாவுக்கு முன்னால் கைகளை நீட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அன்ரியின் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் தோளில் முழுப் பாரத்தையும் வைத்து நடந்தார். வலி வரும்போது நின்றார். அவர் நின்றால் எல்லோரும் நின்றார்கள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்த இளைஞர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கட்டட யன்னல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா இராணுவத்துக்கே தளபதி போல நடந்துகொள்கிறார் என்று கோபமாகவும் இருந்தது.

தங்கச்சி ஆஸ்பத்திரிக்குள் போன உடனே பிறந்தாள். பிறந்தவள் அழவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் வைத்தார்கள். சில நாட்கள் அவள் பிழைப்பாளா என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் என்னிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தாதி கேட்டாள், டொக்டர் கேட்டார், கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த இன்னொரு பெண் முழந்தாளிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உன் அம்மா ஏன் அந்த வண்டியில் ஏறவில்லை? ஏறியிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார்கள். அந்தத் தெரு ஏன் அத்தனை நாளாக வெட்டப்படவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. வெட்டியிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும் என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. நகரம் முழுவதும் வண்டியை அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு குற்றவாளி இருந்தார், அது அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வந்தார், நான் சொன்னதெல்லாம் கேட்டார், அம்மாவின் கால்மாட்டில் போய் இருந்தார். அவருக்கு அக்கறை இல்லையோ என்றுகூட எனக்குப் பட்டது.

தங்கச்சி பிழைத்தாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலும் தெருவுக்குப் பனி வெட்டும் வண்டி வந்திருக்கவில்லை. அம்மாவுக்காகச் சிப்பாய்கள் வெட்டிய ஒடுங்கின பாதையால்தான் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த வயதில் எனக்கு இராணுவம் என்றால் துவக்கு. துவக்கு இல்லாத இராணுவத்தைக் கண்டு ஏன் பயப்படவேண்டும் என்பதுதான் என் கேள்வி. நான் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அம்மா சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு காலையில் ஊருக்கு இராணுவ ட்ரக் வந்ததாம். ஆம்பிளைகள் எல்லோரையும் ஏறச் சொன்னார்களாம். வீட்டில் இருக்கிற மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்களாம். அண்ணனுக்கு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது அம்மாதான். எதற்கு என்று கேட்டதற்கு, ரோட்டுத் துப்புரவாக்க, பின்னேரம் கொண்டுவந்து விடுவோம் என்றார்களாம்.

அம்மா இறாலைக் கழுவ எழும்பிப் போனார்.

எந்தத் தெருவை முதலில் வெட்டுவது, எதைக் கடைசியில் வெட்டுவது என்று தீர்மானிக்கும் நகரசபைக் குழு இந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் கூடுகிறது. பொதுமக்களும் பேசலாம். வோபர்னின் சின்னத் தெருக்கள் இன்னும் அந்த வரிசையின் அடியில்தான் இருக்கின்றன. நேற்றுப் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவைப் பற்றி அங்கே நான் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. அவர்கள் பதில் சொல்லவேண்டியது தெருவுக்கு.