மணல் போட்டுத் தேய்த்த பெட்டி

பொறாமை வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். அந்த ஆறு மாதமும் என் காதில் அப்பளம் பொரித்திருக்கலாம்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மீன் விற்கும் பெண்களுக்காக ஓர் ஐஸ் பெட்டி செய்தோம். உட்புறம் நானோ வெள்ளித் துகள் பூச்சு. கண்ணுக்குத் தெரியாத பொடி, மீன் சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொள்ளும். பூச்சு முழுக்க என் வேலை. நிதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: பெட்டியைப் புழங்கப்போகிறவர்களிடம் முதலில் பேச வேண்டும், அவர்கள் கவலை தீராமல் அனுமதி இல்லை. அதற்கு ரெட்டியார்பாளையத்திலிருந்து வரும் சமூகவியல்காரன் ஒருவனை ஆறு மாதத்துக்குச் சேர்த்தார்கள். "போய் மீன் பேரம் பேசிட்டு வா" என்று சிரித்து அனுப்பினேன்.

சிரிப்பு அதோடு சரி. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அவனுக்கு நாற்பது நிமிடம், எனக்கு ஐந்து. நான் இரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். அவன் டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை கேட்டு வருவான். அதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்.

கடைசிக் கூட்டம் நோணாங்குப்பத்தில். பத்துப் பதினைந்து மீன்காரப் பெண்கள். அவனிடம், "தம்பி, சாப்ட்டியா?" என்னைப் பார்த்து, "சாருக்கு ஒரு சேர் போடுங்க." இருவருக்கும் ஒரே வயது. தலையில் முடி மட்டும் அவனுக்குக் கூடுதல். அதற்கும் சேர்த்தே வயிறு எரிந்தது.

நான் பூச்சின் பெருமையைப் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார்: "சார், நாங்க தெனம் மணலும் தேங்கா நாரும் போட்டுத் தேய்ப்போம். தாங்குமா?"

ஆய்வகத்தில் நான் அதை ஸ்பாஞ்சு வைத்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவியிருந்தேன். என் அறிக்கையில் மணல் என்ற சொல்லே கிடையாது. இங்கே சொதப்பினால் அனுமதி போகும், கூடவே இரண்டு வருட உழைப்பும்.

"ஜோரா தாங்கும்மா" என்றேன்.

சமூகவியல்காரன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். மாட்டிவிடப்போகிறான் என்று மனதுக்குள் அவனைத் திட்ட ஆரம்பித்தேன். அவனோ அந்த அம்மாவிடம், "அக்கா, நீங்களே தேய்ச்சுக் காட்டுங்களேன்" என்று மட்டும் சொன்னான்.

அவர் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். என் மேல் பழைய பகை இருந்தால்கூட அப்படித் தேய்த்திருக்க மாட்டார். கழுவிய தண்ணீர் வாளியில் பழுப்பாக விழுந்தது.

"பூச்சு போவுது சார். இத ஆத்துலதான ஊத்துவோம்? நாங்க எறா புடிக்கிறதும் அங்கதான. அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"தெரியாதும்மா." அன்று நான் சொன்ன முதல் உண்மை.

"தெரியாதுன்னு மொதல்லியே சொல்றதுதான? சேரெல்லாம் போட்டமே!"

கூடம் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. மணலில் தேய்த்துப் பார்த்து, கழிவுநீர் இறாலை என்ன செய்கிறது என்று தெரியும்வரை பெட்டி வெளியே போகாது என அவன் எழுத, நான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவதென்று யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மூடி போட்டு, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்து, ஆய்வகத்துக்குக் கிளம்பினேன். பின்னால் அவனுக்கு இலையில் நண்டு வறுவல் விழுந்துகொண்டிருந்தது.

"சார், மெதுவா போங்க, சிந்திடப் போவுது!" என்றார் அந்த அம்மா. அந்த அக்கறைகூட வாளிக்குத்தான்.