சத்தம் கேட்டால் பெருத்த பாக்கெட்டுகள்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கண்காணிப்பது என் வேலை. கணினிகளிலிருந்து எல்லாமே சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வெளியே போகும். அவற்றைப் பாக்கெட் என்போம். பிடித்து வைத்துப் பார்ப்பது கேப்சர். உள்ளே இருப்பது பேலோட். அது பெரும்பாலும் பூட்டியே இருக்கும். எங்கே போகிறது, எவ்வளவு பெரிது என்பது மட்டும் தெரியும்.

கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். சுங்கை பினாங்கில் வீடு. மதியம் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஒரு நாள் காலை, அவர் வீட்டுக்கும் எடுத்துப் போகும் லேப்டாப் ஏதோ ஒரு வெளி முகவரிக்கு விடாமல் சிறிய பாக்கெட்டுகளை அனுப்புவதைக் கண்டேன். ‘நான் இருக்கிறேன்’ என்று மறுமுனைக்குச் சொல்லும் பாக்கெட்; ஹார்ட்பீட் என்போம். வைரஸாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா யாரிடமோ சிரித்துப் பேசினார். என் திரையில் பாக்கெட்டுகள் பெருத்தன. அவர் நிறுத்தியதும் சுருங்கின. மறுபடி பேசினார். மறுபடி பெருத்தன.

லேப்டாப்பின் மைக் அவர் பேச்சை ஒட்டுக்கேட்டு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

“அக்கா, கீழ போயி தே தாரிக் குடிக்கலாம் லா,” என்றேன். அவர் கைப்பேசியை எடுக்கப் போனார். “வேணாங்க்கா, அது இங்கயே இருக்கட்டும்.”

டீக்கடையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“ஆபீஸ்ல நான் பேசுறத வீட்டுக்காரர் அப்படியே திருப்பிச் சொல்வார். யாரோ போட்டுக் கொடுக்கறாங்கன்னு நெனச்சேன். உன்னயக்கூட சந்தேகப்பட்டேம்மா.”

“இப்பவே எடுத்துடறேங்க்கா.”

“எடுக்காத! நின்னு போச்சுன்னா அவருக்குத் தெரிஞ்சிடும்ல?”

தெரிந்துவிடும். ஹார்ட்பீட் இருப்பதே அதற்காகத்தான்.

மேலாளரிடம் மட்டும் சொன்னேன். அலுவலகக் கோப்புகள் எதுவும் அந்த லேப்டாப்புக்குப் போகாதபடி செய்துவிட்டு, அக்கா வீட்டுக்காரரை விட்டுப் போக நாள் குறித்த வெள்ளிக்கிழமை வரை ஓட விட்டோம். அதுவரை அதன் முன்னால் அக்காவும் நானும் மீன் விலை பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு என் இடத்துக்கு வந்து, எங்கள் பேச்சு வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்திருப்பதைத் திரையில் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பள்ளித் தோழி காரோடு வந்தார். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில் இருப்பவர். வீட்டுக்காரருக்கு அவரைத் தெரியாது. அக்கா கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கினார். கார் பாலத்தைத் தாண்டியதும் தோழி எனக்குப் போன் செய்தார். நான் லேப்டாப்பை அணைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து காவலாளி அழைத்தார். “அந்த அக்காவோட வீட்டுக்காரர் வந்திருக்காரும்மா. லேப்டாப்ப யாரு ஆஃப் பண்ணதுன்னு கேக்கறாரு.”

மேலாளர்தான் இறங்கிப் போய் அவரை அனுப்பி வைத்தார். அக்கா என் கேப்சரை வைத்துப் போலீஸில் புகார் கொடுத்தார். இப்போது அந்தப் பக்கமே ஒரு வேலையில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் மட்டும் சில மாலைகளில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே நிற்கிறது. நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்க்கத்தான். அதனால் அக்காவைப் பார்க்க நான் இன்னும் போகவில்லை.