அத்தானுக்கு வந்த பொன்னுக்கு வீங்கி

ஐம்பதுகளில் நான் சென்னையில் மருத்துவம் படித்தபோது, ஆண் உறுப்புகளைப் பற்றிய பாடம் வந்தால் எங்கள் பேராசிரியர் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பிறகு, பெண்கள் விரும்பினால் நூலகத்துக்குப் போகலாம் என்பார். 'விரும்பினால்' என்பது பேச்சுக்குத்தான். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். நாங்கள் நாலைந்து பெண்களும் வெளியே வந்ததும் உள்ளே சிரிப்பு வெடிக்கும். தங்களிடமே உள்ள சமாச்சாரத்தைக் கேட்க அவர்களுக்கு அவ்வளவு வெட்கம். நாங்கள் நூலகத்தில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படத்தோடு படித்தோம். பரீட்சையில் அந்தக் கேள்வியை ஒழுங்காக எழுதியவர்களும் நாங்கள்தான்.

புத்தகமும் லேசுப்பட்டதல்ல. பிள்ளை இல்லாமல் போவதற்குப் பெண்ணிடம் என்னென்ன கோளாறு இருக்கலாம் என்று அத்தியாயம் அத்தியாயமாக அலசிய வெள்ளைக்கார ஆசிரியர், ஆணிடம் வந்ததும் இரண்டே பக்கத்தில் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அந்த இரண்டு பக்கத்துக்குள் ஒரு வரி இருந்தது. வயது வந்த பிறகு ஒருவனுக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டால், கன்னத்து வீக்கம் சில சமயம் விரைகளுக்கும் இறங்கும், இரண்டு பக்கமும் இறங்கினால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடும் என்பதுதான் அது.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய டாக்டர் ஒருவர் அப்போது பிள்ளையில்லாத தம்பதிகளுக்கென்று ஆஸ்பத்திரி மூலையில் ஓர் அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். மனைவியைத் தொடுவதற்கு முன் கணவனைச் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வந்த கணவர்கள் சொந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. ஒரே காலை நேரத்தில் வரிசையாக முருகன்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். உதவிக்கு ஒரு மாணவன் வேண்டும் என்று அவர் கேட்டபோது பையன்கள் பின்வாங்கினார்கள். அந்த அறைக்குள் போனவனுக்கே ஏதோ குறை என்று நினைத்து யாரும் பெண் கொடுக்க மாட்டார்களாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. பிணத்தை அறுத்துப் படித்த பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்று எங்கள் காரைக்காலில் எப்போதோ தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அதனால் நான் போய்ச் சேர்ந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கணவர்கள், இந்தப் பக்கம் மைக்ரோஸ்கோப்பும் நானும். நடுவில் ஒரு சிறிய ஜன்னல் வழியாக எண் ஒட்டிய குப்பி வரும். சிலருடையதில் விந்தணுக்கள் தேர்த்திருவிழாக் கூட்டமாய் நெரியும். சிலருடையதில் ஒன்றுமே இருக்காது. ஒன்றும் இல்லை என்றால் பத்து நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்வோம். முதல் தடவை வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். அவர்களுடைய மனைவிமார்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள்.

என் அக்கா காரைக்காலிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் மேரியில், அதாவது எங்கள் ஊர் நகராட்சி ஆபீஸில், குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய பிறகும் அத்தான் தலையிலிருந்து தொப்பி இறங்கவில்லை. காலையில் பால்காரனுக்கும் 'போன்ஜூர்' சொல்கிற ஆள். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதற்கு அக்கா ஜாதகத்தில் உட்கார்ந்திருந்த சனிதான் காரணம் என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமை தவறாமல் அவளைத் திருநள்ளாற்றுக்கு அழைத்துப்போய் எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முக்கினார்கள். அம்பகரத்தூர் அம்மனுக்கு அடிப்பிரதட்சிணம் செய்ய வைத்தார்கள். மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் சொன்னாள் என்று மாதக்கணக்கில் சினை மீனாகவே தின்னக் கொடுத்தார்கள். சனி பிடிப்பதானால் மருமகளைத்தான் பிடிக்கும், மகனைப் பிடிக்காது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஒரு விடுமுறையில் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் அத்தை அதைத் தன் நகைகளில் கொண்டுபோய் முடிப்பாள். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் வீங்கியவர்கள் கழுத்தில் தங்கத்தைப் போட்டால் வீக்கம் வடியும் என்பது ஊர் வழக்கம் ஆயிற்றே, அந்த வீட்டார் நூல் மாதிரி ஒரு சங்கிலியைப் போட்டிருந்தார்கள். அத்தைக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புப் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு சங்கிலியாம்மா? எம் மவனுக்குப் பதினெட்டு வயசுல வந்திச்சு. நான் எங் காசுமாலையவே கழட்டிப் போட்டேன். அது கனத்துல கழுத்து வீக்கம் கடகடன்னு கீழ எறங்கிடுச்சு. ரொம்பத்தான் எறங்கிடுச்சு, போ. வேட்டி கட்ட முடியாம வாழையெலையில கெடந்தான். சூடுன்னாரு வைத்தியரு."

ரெண்டு பக்கமுமா அத்தை என்று கேட்டேன். ரெண்டு பக்கமும்தான் என்று பெருமையாகச் சொன்னாள். எங்கள் டாக்டர் எத்தனையோ கணவர்களிடம் தலைகீழாக நின்று கேட்டும் கிடைக்காத நோய் வரலாறு, ஒரு காசுமாலையின் புண்ணியத்தில் எனக்குச் சும்மா கிடைத்தது. அடுப்படியில் அக்கா சினை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் எறியலாம் போலிருந்தது.

அத்தானிடம் எப்படிப் பேசுவது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அவரே சென்னைக்கு வந்து நின்றார், அதுவும் கோட்டுப் போட்டுக்கொண்டு. விஷயம் இதுதான். அவருக்கு இரண்டாம் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண் திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருப்பவரின் மகள். ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் குற்றம் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. ஆனால் பிரெஞ்சுக்காரன் ஆண்ட இடம் என்பதால் அந்தச் சட்டம் எங்கள் ஊர் எல்லைக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. நாகூரில் செய்தால் ஜெயில், வாஞ்சூர் எல்லைச் சாவடியைத் தாண்டி வந்து செய்தால் விருந்து. லாட்ஜ்காரர் உஷாரான மனிதர், யாத்ரீகரிடமே முன்பணம் வாங்காமல் அறை கொடுக்காதவர். மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிரெஞ்சுக்காரன் நிழலில் வளர்ந்த அத்தானுக்கு முத்திரை குத்திய காகிதம் என்றால் உயிர். பெரிய ஆஸ்பத்திரி முத்திரையாகவே இருக்கட்டும் என்று கிளம்பி வந்துவிட்டார். என் அக்காவைத் தள்ளிவைப்பதற்கு என்னிடமே சர்டிபிகேட் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

சர்டிபிகேட் வேண்டுமானால் சோதனை உண்டு என்றேன். தாராளமாக என்றார். முருகன் என்ற பெயரில் பதிவு செய்துகொண்டு மிடுக்காக உள்ளே போனார். குப்பியில் ஒன்றுமே இல்லை. சந்தேகத்தின் பலன் மனிதனுக்குப் போகட்டும் என்று மறுபடி வரச் சொன்னேன். மறுபடியும் ஒன்றும் இல்லை. எங்கள் டாக்டர் அவரை உட்கார வைத்து, பொன்னுக்கு வீங்கியிலிருந்து தொடங்கி நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். அத்தான் கேட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊருக்குப் போனதும், நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கும் உள்ளூர் டாக்டர் ஒருவரிடம், ஒட்டுநோய் எதுவும் இல்லை, கல்யாணத்துக்கு ஏற்றவர் என்று எழுதி வாங்கிவிட்டார். அதில் முத்திரை இருந்தது. லாட்ஜ்காரருக்கும் அது போதுமாக இருந்தது.

நான் ரயிலேறிப் போய் அக்காவிடம் சொன்னேன். அப்போ எங்கிட்ட ஒண்ணும் இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சிரித்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷத்து எண்ணெயும் குளத்துத் தண்ணீரும் அந்த அழுகையில் இருந்தன. ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிடலாம் வா என்றேன். அத்தையிடம் வாயைத் திறந்தும் பார்த்தேன். எம் புள்ள மீசையப் பாத்துட்டுப் பேசு என்றாள் அத்தை. அக்கா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரு நம்புவா? ஒன் பூதக்கண்ணாடிய ஊர் நடுவுல வச்சு எல்லாரையும் வரிசையா வந்து பாக்கச் சொல்லுவியா? விடுடி."

கல்யாணம் நடந்தது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அங்கேயே இருந்தாள். சக்களத்திக்குச் சமைத்துப் போடுகிறாயா என்று நான் சண்டை போட்டதில் கொஞ்சநாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தச் சின்னப் பெண்ணையும் இன்னும் சில மாதத்தில் எண்ணெய் தேய்த்து அதே குளத்தில் முக்குவார்கள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். மறுவருஷம் அவளுக்கு வளைகாப்பு என்று தகவல் வந்தது.

நான் சொன்னதை அத்தை பரப்பிவிட்டதில் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. பட்டணத்துக் கண்ணாடிக்குக் கண் தெரியவில்லை என்று என் காதுபடச் சொன்னார்கள். அத்தை இதைச் சொல்வதற்கென்றே என்னை வரவழைத்த மாதிரி இருந்தது. வளைகாப்பன்று கூடத்தில் பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெறாதவள் கை படக்கூடாது என்று அக்காவை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டாள் அத்தை. முதல் வளையலோடு ஒரு சுமங்கலி கிட்டே வந்தாள். அந்தச் சின்னப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அக்கா வந்து போடட்டும். அவங்க போட்டப்புறம்தான் மத்தவங்க."

அத்தை அதட்டினாள், லாட்ஜ்காரர் மனைவி கெஞ்சினாள். கை முன்னால் வரவே இல்லை. நேரம் போனதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அக்கா வந்து இரண்டு கைக்கும் வளையல் போட்டாள்.

கிணற்றடியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் விஷயம் இவளுக்குத் தெரியுமா என்றேன்.

"நாந்தான் சொன்னேன். வந்த மாசமே சொல்லிட்டேன். நான் குளிச்ச குளியல் அவளுக்கும் வேணாம்னு."

அப்புறம் எப்படி என்று தொடங்கினேன். அதை நான் கேக்கல, நீயும் கேக்காத என்று அக்கா என் வாயை அடைத்தாள்.

அத்தான் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் சீனியும் கற்கண்டுமாக ஒரு தட்டு. தட்டை நீட்டியவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தக் கண்ணாடி... சில சமயம் தப்பாவும் சொல்லும், இல்லம்மா?"

இந்த மனிதர் கேட்டதைவிட அவர் நின்ற நிலைதான் என்னை உலுக்கியது. அவருக்குப் பின்னால், கூடத்து வாசலில், அந்தப் பெண் வளையல் கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்று சொன்னால் அவள் கதி என்ன என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றால் பழி அக்கா தலையில்தான் விழும் என்பதும் தெரியும். அக்காவைப் பார்த்தேன். சொல்லு என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"சொல்லும் அத்தான். நானே பாத்திருக்கேன்."

அத்தான் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வேகமாக உள்ளே போய், டாக்டரே சொல்லிவிட்டாள் என்று கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்படியானால் குறை பெரியவளிடம்தான் என்று உள்ளே யாரோ சொன்னார்கள். கிணற்றடியில் நின்றிருந்த அக்காவுக்கும் அது கேட்டது. அவள் என் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பந்திக்கு இலை போட நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.