அம்மாவைத் துடைக்காத வாரம்

அங்கன்வாடி வேலை என்றால் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துத்தான் புதுப் பிள்ளைகள் நீங்கள் வேலைக்கு வருகிறீர்கள். முதியோர் உதவித்தொகை என்கொயரியும் நம் தலையில்தான் விழும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஏம்பலம் பக்கம் நான் டீச்சராக இருந்தபோது நடந்த ஒன்றை எழுதுகிறேன். இப்போது நான் ரிடையர் ஆகிவிட்டேன்.

எங்கள் ஊரில் செல்வி என்று ஒரு பெண். அவள் அம்மா அஞ்சலைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. எல்லாமே கட்டிலில்தான். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாமல் செல்வி கம்பெனி வேலையை விட்டாள். அவள் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டிக் கொண்டுவருவது சோற்றுக்கே சரியாக இருந்தது. காதில் கிடந்த தோடு டயபருக்குப் போனது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கூடுதல் உதவித்தொகை உண்டு என்று தெரிந்து மனுப் போட்டோம்.

ஆபீசர் என்கொயரிக்கு வந்த அன்று, நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செல்வியும் செய்தாள். பெரிய மனுஷர் வீட்டுக்கு வருகிறார் அல்லவா! அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, பவுடர் பூசி, பூ வைத்து, தீபாவளிப் புடவை கட்டி, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தாள். வீடெல்லாம் சாம்பிராணி மணம்.

ஆபீசர் வாசலில் நின்றபடியே பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாணத்துக்குப் போறவங்க மாதிரி உக்காந்திருக்காங்க. இதுவா படுக்கை கேசு?"

"நாந்தான் தூக்கி உக்கார வெச்சேன் சார். காலு வராது சார்."

"புண்ணு கிண்ணு எதுனா இருக்கா?"

"ஐயோ, ஒண்ணும் கெடையாது சார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திருப்பிப் போட்டுடுவேன்."

அவள் பெருமையாகச் சொன்னாள். அவர் 'உட்காரும் நிலையில் உள்ளார்' என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார். டாக்டர் கொடுத்த சீட்டை நான் நீட்டினேன். "அதான் கண்ணால பாத்துட்டனே டீச்சர்" என்றார்.

மறுபடியும் மனுப் போட்டோம். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. மீட்டிங்காம், நாளைக்கு என்றார்கள். மறுநாள் கேட்டால் அதற்கும் நாளைக்கு. வெள்ளிக்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனேன். செல்வி வீட்டு வாசலிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. அஞ்சலை செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

செல்வி கட்டில் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "திங்கக்கெழமலேருந்து அம்மா என்னத் தொடவே வுடல டீச்சர்."

கட்டிலிலிருந்து அஞ்சலை பேசினார். "அந்த சாரு வர வரைக்கும் இப்டியே கெடக்கிறேன் டீச்சர். கழுவிட்டா மறுபடியும் இல்லன்னுட்டுப் பூடுவாரு. எனக்குத்தான் வலியே தெரியாதே."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் அவரைப் புரட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, நடுவில் தோல் கழன்றிருந்தது. அவரோ என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாமல் மகள் காப்பாற்றிய உடம்பு.

"மொதல்ல சுடுதண்ணி வைடி!" என்று கத்தினேன். "காசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

"நீங்க சொல்லிடலாம் டீச்சர். நான் சொல்ல முடியுமா?" என்றாள் செல்வி. ஆனாலும் எழுந்து தண்ணீர் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து துடைத்தோம். நர்ஸை வரவழைத்துக் கட்டுப் போட்டோம்.

அடுத்த வாரம் ஆபீசர் வந்தார். கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "இத மொதல்லயே காட்டியிருக்கலாமேம்மா" என்று செல்வியைக் கடிந்துகொண்டார். சாங்ஷன் ஆன பணம் மருந்துக்கும் பஞ்சுக்கும் போனது. புண் லேசில் ஆறவில்லை. ஜுரம் வரும் ஒவ்வொரு தடவையும் செல்வி எனக்குப் போன் செய்து அழுவாள்.

என்கொயரிக்கு முதல் நாளே நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். பூவும் பவுடரும் வேண்டாம், ஆனால் துடைக்காமல் மட்டும் விடாதீர்கள் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்லுங்கள். ஆபீசர் வந்தால் தலையணையை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொள்வதற்குள் பணம் எப்படி வந்தது என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. சென்டரைப் பூட்டும் நேரத்துக்கு அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்பவள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், எத்தினி நாளு கழுவாம வுட்டா எழுதிக் குடுப்பாங்க?"

பூட்டைக்கூடப் போடாமல் அவள் வீட்டுக்கு ஓடினேன்.